பழைய சீரியல் டிவிடி புது டிவியில் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

கேள்வி கேட்டவருக்குக் கோத்தகிரி. 90களில் வந்த தமிழ் சீரியல் ஒன்றின் டிவிடி செட்டை அம்மாவுக்காக வாங்கியிருக்கிறார். 43 இன்ச் 4கே டிவியில் போட்டால் முகமெல்லாம் மங்கல், ஆள் அசைந்தால் கோடு கோடாக உடைகிறது, பேச்சும் புரியவில்லை. டிஸ்க் போலியா, ப்ளேயர் பழுதா, டிவிடியைவிடத் தெளிவான ப்ளூ-ரே டிஸ்க் வந்தால் சரியாகுமா என்கிறார்.

அவசரப்பட்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். குன்னூரில் 14 வருஷம் கேசட், டிஸ்க் வாடகைக் கடை நடத்தியவன் என்கிற முறையில் சொல்கிறேன்: பாதிக் குறையை வீட்டிலேயே தீர்க்கலாம். மீதி, சீரியல் எடுத்த டேப்பிலேயே இருப்பது.

முதலில் அந்தக் கோடுகள். அந்தக் கால டிவி ஒளிபரப்பில் முழுப் படம் ஒரே மூச்சில் வராது. ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என்று நொடிக்கு 50 அரைப்படங்கள் வரும். பழைய டியூப் டிவிக்கு அது இயல்பு. புது டிவி இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். அந்தச் சேர்க்கை பிசகினால்தான் சீப்புப் பல் மாதிரி கோடுகள். கதாநாயகி சட்டென்று திரும்பும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். காதில் ஆடும் ஜிமிக்கி இரண்டாகத் தெரிந்து, இரண்டுக்கும் இடையில் படுக்கைக் கோடுகள் ஓடினால் கோளாறு இதுதான். ப்ளேயரில் ‘ப்ரோக்ரஸிவ்’ என்ற செட்டிங்கை ஒரு முறை ஆன், ஒரு முறை ஆஃப் செய்து பாருங்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பதானால் விஎல்சி என்ற வீடியோ ப்ளேயரில் ‘டீஇன்டர்லேஸ்’ போட்டாலே பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து ஒயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை ஒயரில்தானே இணைத்திருக்கிறீர்கள்? அந்த மஞ்சள் ஒயர் ஒன்றிலேயே வெளிச்சமும் நிறமும் கலந்து போகிறது. கட்டம் போட்ட சட்டையிலும் ஜரிகை பார்டரிலும் இல்லாத வானவில் மினுக்குவது அதனால்தான். எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். படத்தின் அடியில் ஒரு வரி துடித்துக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம், அது டேப் ஓடிய தடம். டியூப் டிவி ஓரத்தைக் கொஞ்சம் மறைத்துக் காட்டும், அதனால் அன்று யார் கண்ணிலும் படவில்லை. இன்னொன்று, பழைய டிவி வடிவத்தில் (4:3) உள்ள படத்தை இழுத்துப் புது டிவியின் அகல வடிவம் (16:9) ஆக்காதீர்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும். அம்மாவுக்குப் பழகிய முகங்களைத் தட்டையாக்கிக் காட்டுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

போலியா என்ற சந்தேகத்துக்கு, ஒரு டிஸ்க்கில் எத்தனை எபிசோடு என்று எண்ணுங்கள். சாதாரண ஓரடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. 22 நிமிட எபிசோடு நாலு வைத்தால் படத்துக்கும் சத்தத்துக்குமாக நொடிக்கு ஏறக்குறைய 7 மெகாபிட் தகவல் கிடைக்கும், படம் நன்றாக இருக்கும். அதே டிஸ்க்கில் பன்னிரண்டைத் திணித்தால் 2.4 மெகாபிட்தான். மழைக் காட்சியிலும் கூட்டக் காட்சியிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். கடையில் அப்படி வந்த செட் ஒன்றை நானே மொத்தமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ப்ளூ-ரே பற்றி: அப்பா ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். 1960இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்தான் அது. சின்ன வயதில் ஒரு ஃபிலிம் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னார். சுண்டுவிரல் நகம் அளவு முகத்தில் இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. ஃபிலிமில் எடுத்த தொடர் என்றால் அந்த இமை முடியை இன்றும் ஸ்கேன் செய்து எடுக்கலாம். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 35 எம்எம் ஃபிலிமில் எடுத்து டேப்பில் எடிட் செய்த தொடர், 2012இலிருந்து ஃபிலிமையே மறுபடி ஸ்கேன் செய்து ப்ளூ-ரேயில் கொண்டுவந்தார்கள். நம் 90களின் சீரியல்கள் பெரும்பாலும் வீடியோ டேப்பில் எடுத்தவை. அதில் இருப்பது 576 வரி. டிவிடியிலும் 576தான். உங்கள் டிவியில் 2160 வரி. டேப்பில் பதியாத இமை முடிக்கு ப்ளூ-ரே எங்கே போகும்?

சத்தத்துக்கு நிறையவே செய்யலாம். வயதானவர்களுக்கு முதலில் குறைவது கீச்சு ஒலிகள். க, ச, ட, த எல்லாம் அதில்தான் பிழைத்திருக்கின்றன. ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டும்போது என் அம்மா, “அவ ‘போச்சு’ன்னாளா ‘போட்டு’ன்னாளா?” என்று கேட்பார். வால்யூமை ஏற்றினால் பின்னணி இசைதான் ஏறியது. பேஸை (கனத்த ஒலி) குறைத்து, ட்ரெபிளை (கீச்சு ஒலி) ஏற்றி, டிவியின் ‘சரவுண்டை’ அணைத்தேன். தட்டை டிவியின் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ பேசும். அதனால் ஒயர் வைத்த சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில், காது உயரத்தில் வைத்தேன். ப்ளூடூத் வேண்டாம், உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் என்றாகிவிடும். டிஸ்க் மெனுவில் 5.1 (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பது), 2.0 (இரண்டு ஸ்பீக்கரில் கேட்பது) இரண்டும் இருந்தால் 2.0 எடுங்கள். மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிந்த பேச்சை 5.1 ஆக்கினால் பல சமயம் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். இதையெல்லாம் செய்த பிறகு அம்மா வால்யூமைப் பதினெட்டுக்கு மேல் கேட்டதில்லை.

நம் மலைக்கு ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த அறையில் இருந்த ப்ளேயரை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்ததும் டிஸ்க்கைப் போடாதீர்கள், லென்ஸில் பனி படியும். ஒரு மணி நேரம் விடுங்கள். டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள்.

ஒரு டிஸ்க்கில் எத்தனை எபிசோடு, எந்த ஒயர், ஜிமிக்கி ஒன்றா இரண்டா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள்.