சம்பளச் சீட்டில் ரூஸ்வெல்ட்

தம்பி, அமெரிக்கா வந்து வாங்கிய முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். சோஷியல் செக்யூரிட்டி என்று 6.2 சதவீதமும் மெடிகேர் என்று 1.45 சதவீதமும் பிடித்திருக்கிறார்களே, எதற்கு? வரியைக் குறைப்போம் என்று தொண்டை கிழியப் பேசுகிறவர்கள்கூட இதில் ஏன் கை வைப்பதில்லை?

சோஷியல் செக்யூரிட்டி முதியோர் ஓய்வூதியம், மெடிகேர் முதியோர் மருத்துவக் காப்பீடு. கை வைக்காததற்குக் காரணம் 1945ல் இறந்துபோன அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். உங்கள் பாக்கெட்டில் கிடக்கும் பத்து சென்ட் நாணயத்தில் இருக்கிறாரே, அவர்தான்.

ஓய்வூதியச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது 1935 ஆகஸ்டில், நாடே வேலையில்லாமல் தவித்த காலத்தில். 1937 முதல் தொழிலாளியிடம் ஒரு சதவீதம், முதலாளியிடம் ஒரு சதவீதம் என்று வசூல் தொடங்கியது. கஷ்ட காலத்தில் கூலிக்காரன் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் பிரபலம்: இதில் பொருளாதாரம் எதுவும் இல்லை, முழுக்க அரசியல்தான், நான் கட்டிய பணம் என்ற உரிமை மக்களுக்கு வந்துவிட்டால் எந்த அரசியல்வாதியாலும் இதை ஒழிக்க முடியாது.

அப்படியேதான் நடந்தது. 1953ல் எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியின் ஐசனோவர் அதிபராக வந்தார், ஒழிக்கவில்லை, விரிவாக்கினார். 1964ல் அதே கட்சியின் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டர், விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம் என்று ஆக்கிவிடலாம் எனப் பேசிப் பார்த்தார். அந்தத் தேர்தலில் 44 மாநிலங்களில் தோற்றார். அதற்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனாலும் கட்சிக்காரர்கள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே, அவரைத் தோற்கடித்த அதிபர் ஜான்சன் அதே சம்பளப் பிடித்தத்தின் மேல் மெடிகேரையும் ஏற்றிவிட்டார்.

எனக்குப் பிடித்த அத்தியாயம் குடியரசுக் கட்சி அதிபர் ரீகனுடையது. அரசாங்கமே பிரச்சினை என்று 1981 பதவியேற்பு உரையில் சொன்னவர் அவர். அந்த ஆண்டே முன்கூட்டி ஓய்வு பெறுகிறவர்களின் தொகையைக் குறைக்கப் பார்த்தார். செனட்டில் 96க்கு 0 என்று எதிர்த்து வாக்களித்தார்கள், அதுவும் அவர் கட்சிக்கே அங்கே பெரும்பான்மை இருந்தபோது! 1983ல் அதே ரீகன், பிடித்தத்தைக் கூட்டி, முழு ஓய்வூதிய வயதைப் படிப்படியாக 67 ஆக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டு, ரூஸ்வெல்ட்டின் திட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். என்னைக் கேட்டால், இங்கே மேடைப் பேச்சு இன்றும் ரீகன் பாணி, கஜானா ரூஸ்வெல்ட் பாணி.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற லாரி டிரைவர். கராஜில் ரீகன் படம் மாட்டியிருக்கிறார், அரசாங்கம் என்றாலே அவருக்கு ஆகாது. 2005ல் அதிபர் ஜார்ஜ் புஷ் இந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டுக் கணக்குக்கு மாற்றலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினாரே, அப்போது இவர் கொதித்துப்போனார். "அது என் காசு" என்று ஒரே பேச்சு. புஷ் கட்சிக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தும் திட்டம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2016ல் டிரம்ப், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டையும் வெட்ட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வோட்டு கேட்டார்.

அது பெரியவரின் காசு என்பதும் முழு உண்மை இல்லை. இன்று உங்களிடம் பிடிப்பது பெரும்பாலும் இன்றைய முதியவர்களுக்கே போகிறது. கையிருப்பு 2030களில் தீர்ந்துவிடும், அப்புறம் முழுத் தொகை தர முடியாது என்று இந்த நிதியின் அறங்காவலர்கள் ஆண்டுதோறும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாருடைய தொகையைக் குறைப்பது, யாருடைய வரியைக் கூட்டுவது என்று இரண்டு கட்சிகளும் சேர்ந்து இன்னும் முடிவெடுக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற 40 கிரெடிட் வேண்டும், அதாவது குறைந்தது பத்து வருட வேலை. இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தம் கிடையாது. ஐந்தாறு வருடத்தில் ஊர் திரும்பினால் கட்டியது போனதுதான். ஓபிடியில், அதாவது படிப்பு முடித்து மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதியில், இருக்கும் உங்கள் நண்பருக்குப் பொதுவாக இதைப் பிடிக்க மாட்டார்கள். எச்1பி என்ற வேலை விசா வந்ததும் பிடிப்பார்கள். இன்னொன்று, நம் ஊர் இனிஷியலும் அப்பா பெயரும் இங்கே படுத்தும் பாடு தெரியும்தானே? சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் சம்பளச் சீட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பொருந்தாவிட்டால் கட்டிய பணம் உங்கள் கணக்கில் ஏறாமல் போகலாம்.