மைதானத்துக்கு எதில் வந்தீர்கள்?

கேள்வி: என் மகள் ஊட்டியில் கல்லூரியில் படிக்கிறாள். இன்டர்ன்ஷிப் என்று சொல்லி, மேட்ச் நாளில் மைதான வாசலில் நின்று வண்டிகளைக் கணக்கெடுக்கிறாள். இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?
– ஒரு தாய், குன்னூர்

பதில்: ஆராய்ச்சிதான் அம்மா. நம் மலைக்கு ரொம்பவும் தேவையானது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்; ஏற்றத்தில் டீசல் இன்னும் வேகமாகத் தீரும். 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. சரி, உள்ளூர் வண்டிகளை யார் எண்ணுவது? உங்கள் மகள் எண்ணுகிறாள்.

ஒன்று சொல்லுங்கள்: வண்டியோடு தலைகளையும் எண்ணட்டும். கிரிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஜீப்பில் நெருக்கியடித்து வரும் அணியும், ஒற்றை ஆள் வரும் காரும் தாளில் ஒரே ஒரு கோடுதான். அப்புறம், எப்படித் திரும்பிப் போவார்கள் என்றும் கேட்கட்டும். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) வரும் பையன் ஆசைக்காக பைக் எடுப்பதில்லை. பரிசளிப்பு முடிவதற்குள் அவன் ஊர்க் கடைசி பஸ் போய்விடும். பஸ் நேரத்தையும் ஆட்டம் முடியும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கல்லூரி முதல்வரிடமும் பஸ் டிப்போவிலும் கொடுக்கச் சொல்லுங்கள்.