கருப்பை வாயில் முன்புற்று வந்தவர்கள் ஆசனவாயையும் பரிசோதிக்க வேண்டுமா?

கருப்பை வாயில் சிஐஎன் 3 (புற்றாக மாறக்கூடிய உயர்நிலை மாற்றம், அதாவது முன்புற்று) வந்து லீப் (மின்கம்பி வளையத்தால் அந்தச் சதையை வெட்டி எடுப்பது) செய்துகொண்டதாகவும், வயது 38 என்றும் எழுதி, ஆசனவாயையும் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை, இந்த வழியில் போய்வந்தவள்.

எனக்கு வந்தது வெளியே, பெண்ணுறுப்பின் உதட்டில். ஒரு வருடம் அரிப்பு. பூஞ்சை என்று களிம்பு மேல் களிம்பாகக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். உயர்நிலை முன்புற்று என்று வந்தது. அடுத்து அவர் கேட்டது, "மோஷன் போகும்போது ரத்தம் வருதா?" எப்போதாவது வரும், மூலம்தானே என்றேன். "அதைப் பார்த்துட்டுச் சொல்லுவோம்" என்றார்.

முன்னுக்கும் பின்னுக்கும் என்ன சம்பந்தம்? கருப்பை வாயிலும் சரி, ஆசனக் குழாயிலும் சரி, தட்டைச் செல்களும் தூண் செல்களும் சந்திக்கிற ஒரு வளையம் இருக்கிறது. இந்த முன்புற்றுக்குக் காரணமான, உடலுறவில் தொற்றும் ஹெச்பிவி வைரஸ், அதிலும் அதன் 16ஆம் வகை, வேலையைக் காட்டுவது பெரும்பாலும் அங்கேதான். வைரஸ் ஒரே புள்ளியில் நிற்காது, அக்கம்பக்கத்துத் தோலுக்கும் பரவியிருக்கும். ஆசனவாய் வழி உறவு இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கூச்சத்தில்தான் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை.

எங்கே முன்புற்று வந்தது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். பொதுவாகப் பெண்களில் ஆசனவாய்ப் புற்று ஆண்டுக்கு லட்சத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த கணக்குப்படி, கருப்பை வாயில் முன்புற்று வந்தவர்களில் அது சுமார் 8. என்னைப்போல் வெளியுறுப்பில் வந்தவர்களில் சுமார் 42. அதனால்தான் ஐஏஎன்எஸ் என்ற, ஆசனவாய்ப் புற்றுக்கான சர்வதேச மருத்துவ அமைப்பின் 2024 வழிகாட்டுதல், எங்களுக்கு முன்புற்று தெரிந்த ஒரு வருடத்துக்குள் ஆசனவாயைப் பார்க்கச் சொல்கிறது. கருப்பை வாய் மட்டும் என்றால், 45 வயதிலிருந்து டாக்டரோடு பேசி முடிவெடுக்கலாம் என்கிறது. ஹெச்ஐவி இருந்தாலோ, உறுப்பு மாற்று செய்திருந்தாலோ கணக்கு வேறு.

சோதனை பெரிய வதை இல்லை. பஞ்சுக்குச்சியால் செல் எடுப்பார்கள், விரலால் தடவிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் வினிகரில் இருக்கிற அதே அமிலத்தைத் தடவி, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்ப்பார்கள். உங்கள் கருப்பை வாயைப் பார்க்கக் கால்போஸ்கோபியில் செய்த அதே வித்தைதான். ஆனால் இதில் பயிற்சி பெற்றவர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. நான் மூன்று மாதம் தேடினேன்.

கடைசியில் என் ரத்தம் நிஜமாகவே மூலத்திலிருந்துதான் வந்தது. முன்புற்று மாற்றம் இருந்தது ஆசனக் குழாயிலேயே வேறொரு இடத்தில். வலி, ரத்தம் எதுவும் இல்லாமல். கருக்கிவிட்டார்கள். இப்படிக் கருக்குவதில் பலன் உண்டா என்று ஹெச்ஐவி உள்ளவர்களிடம் ஆங்கர் என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. 2022இல் முடிவு வெளிவந்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் புற்று 57 சதவீதம் குறைவாக இருந்தது.

உங்களுக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கருப்பை வாய்க்கான மறுசோதனைகளை விட்டுவிடாதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அப்புறம், என்றைக்காவது மூலம் என்று சர்ஜனிடம் போனால், கேட்காவிட்டாலும் சிஐஎன் 3 கதையை முதலில் சொல்லிவிடுங்கள்.