கோவையில் இருக்கும் .315 ரைஃபிளை வாங்கிப் பெங்களூருக்குக் கொண்டுவர என்னென்ன சட்ட விஷயங்களைப் பார்க்க வேண்டும்?

கேள்வியில் உள்ள விவரம் இவ்வளவு: கேட்பவர் கே.ஆர்.புரத்தில் இருக்கிறார். பெங்களூர் சிட்டி போலீஸ் கமிஷனர் கொடுத்த லைசென்ஸ் கையில் இருக்கிறது, துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. கோவையில் தெரிந்த பெரியவர் ஒருவர் தன் பழைய .315 ரைஃபிளை விற்கிறார். நேரில் போய்ப் பணம் கொடுத்துவிட்டு அன்றைக்கே காரில் எடுத்து வந்துவிடலாமா?

கூடாது. பணம் கொடுப்பது இதில் கடைசி வேலை.

ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும். விற்பவர் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்த ரைஃபிள் எந்த நேரத்திலும் யாராவது ஒருவருடைய லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். அந்த லைசென்ஸ் அது இருக்கும் இடத்தில் செல்லுபடியாகவும் வேண்டும். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் வண்டியை நிறுத்தி, "இது யார் பேரில் இருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? விற்றவர் பேரில் என்றால் அவர் வண்டியில் இல்லை. உங்கள் பேரில் என்றால் துப்பாக்கியின் நம்பர் உங்கள் லைசென்ஸில் இன்னும் ஏறவில்லை. ஆயுதச் சட்டம் 1959-இன் 25(1பி)(ஏ) பிரிவுப்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, கூடவே அபராதம். நாளைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

முதலில் உங்கள் லைசென்ஸைப் பிரித்துப் படியுங்கள். எந்த வகை ஆயுதத்துக்கு அனுமதி என்று பாருங்கள். பிஸ்டல் அல்லது ரிவால்வர் என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ரைஃபிள் வாங்க முடியாது, மாற்றித் தரச்சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வாங்குவதற்குக் கொடுத்த கெடு முடிந்திருந்தால் நீட்டிப்பு வாங்குங்கள். யூ.ஐ.என் நம்பர் (ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் கொடுக்கும் தனி அடையாள எண்) இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பலர் கவனிக்காமல் விடுவது எல்லைக் கட்டத்தைத்தான், அதாவது லைசென்ஸ் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும் இடத்தை. "கர்நாடகம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு கோவையில் நீங்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. நம்பர் ஏறியிருந்தாலும் முடியாது. (ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி 2019-க்குப் பிறகு இரண்டுதான். உங்களிடம் ஒன்றும் இல்லை என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.)

அடுத்து விற்பவர் பக்கம். தனி ஆள் தன் சொந்தத் துப்பாக்கியை விற்கத் தனி விற்பனை லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் 5(2) பிரிவு இரண்டு நிபந்தனை போடுகிறது. வாங்கப்போகிறவரின் பெயர், முகவரியோடு தன் பகுதி மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கொடுக்க வேண்டும். கோவை மாநகர எல்லைக்குள் இருந்தால் அது போலீஸ் கமிஷனர், வெளியே இருந்தால் கலெக்டர். இதை மீறி விற்றால் அவருக்கு 25(3) பிரிவில் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம். அவர் கொடுத்த கடிதத்தின் ஒப்புகை நகல் ஒன்றை, சீலும் தேதியும் தெரியும்படி, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 45 நாள் ஓடும்.

சட்டத்தில் இருப்பது இவ்வளவுதான். நடைமுறையில் 45 நாள் முடிந்தது என்று கணக்குப் பார்த்து எடுத்து வந்துவிடாதீர்கள். கோவை ஆபீஸின் விற்பனை அனுமதிக் கடிதமும், உங்கள் பக்கம் இன்ஃபன்ட்ரி ரோடு கமிஷனர் ஆபீஸின் என்.ஓ.சி-யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) எழுத்தில் கையில் இருக்கட்டும். வேலை இழுப்பதும் இங்கேதான். உங்கள் லைசென்ஸ் உண்மையானதா என்று கோவை ஆபீஸ் பெங்களூருக்கு எழுதிக் கேட்கும், பதில் போய்ச் சேரும்வரை ஃபைல் நகராது. இரண்டு மாநிலத்தில் எதில் தேர்தல் அறிவித்தாலும் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், ஃபைலும் அதோடு நின்றுவிடும். அதனால் முழுப்பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

அனுமதி வருவதற்குள் பொருளைப் பார்த்துவிடுங்கள், ஆனால் விற்பவர் வீட்டில், அவர் முன்னால். பாடியில் அடித்திருக்கும் நம்பர் அவர் லைசென்ஸில் உள்ள நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பழைய லைசென்ஸ்கள் கையால் எழுதியவை, பூஜ்யம் ஆங்கில ஓ-வாகவும் ஒன்று ஏழாகவும் மாறியிருக்கும். அந்தப் பிழையைத் திருத்த வேண்டியவர் விற்பவர், அதுவும் விற்பதற்கு முன். துருவிலோ பாலிஷிலோ நம்பர் அழிந்திருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழிந்த நம்பரோடு துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாக 8(2) பிரிவு அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) வேறு நம்பர் இருந்தால் அது வேறு ரைஃபிளின் போல்ட்டாக இருக்கலாம். துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) பார்த்துச் சொல்லாமல் அதில் சுடக்கூடாது.

பேரலில் என்ன போர் (குழாயின் உள்விட்ட அளவு) என்று அடித்திருக்கிறது என்பதையும் படியுங்கள். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 பார்வைக்குப் பழைய ராணுவ .303 போலவே இருக்கும். .303 தடைசெய்யப்பட்ட போர், உங்கள் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. பேரலை வெட்டிக் குட்டையாக்கியிருந்தாலும் தொடாதீர்கள், அது 6-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

கொண்டுவருவதற்கு நான் சொல்லும் வழி டீலர் மூலம் போவதுதான். விற்பவர் அனுமதிக் கடிதத்தோடு கோவையில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைக்கட்டும். அவர் லைசென்ஸில் நம்பர் நீக்கப்பட்டு, கடையின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறும். அந்தக் கடை போக்குவரத்து லைசென்ஸ் எடுத்துப் பெங்களூர் டீலருக்கு அனுப்பும். நீங்கள் பெங்களூரிலேயே பில் போட்டு, லைசென்ஸில் பதிந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கடைக்கும் கமிஷன் போகும். ஆனால் எல்லை தாண்டும்போது அது உங்கள் பொறுப்பில் இருக்காது, கர்நாடகம் மட்டும் என்ற லைசென்ஸே போதும். நானே கொண்டுவருவேன் என்றால் எல்லைக் கட்டத்தில் தமிழ்நாடும் சேர வேண்டும், அல்லது அந்தப் பயணத்துக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். கோவையிலிருந்து கிளம்பும் முன்பே நம்பர் உங்கள் லைசென்ஸில் ஏறியிருக்கவும் வேண்டும். தோட்டா இல்லாமல், போல்ட்டைக் கழற்றி, பெட்டியில் பூட்டி, அசல் லைசென்ஸோடு வாருங்கள். கூரியர், பஸ் பார்சல் பேச்சே வேண்டாம். மிச்சம் இருக்கும் தோட்டாவைச் சும்மா கொடுத்தாலும் கணக்கில் எழுதாமல் வாங்காதீர்கள்.

குடகிலிருந்து வாங்கினால் லைசென்ஸே வேண்டாம் என்று பெங்களூரில் ஒரு பேச்சு உண்டு. குடகின் பூர்வீகச் சமூகமான கொடவர்களுக்கும், அங்கே ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு இருப்பது உண்மை. அது அந்த ஆளுக்கான விலக்கு, துப்பாக்கியோடு உங்களுக்கு வராது.

விற்பவர் உங்கள் அப்பாவாகவோ மாமனாராகவோ இருந்தால் இந்த வழியே வேறு. உரிமையாளருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. விற்பனை என்று காட்ட வேண்டியதே இல்லை. உரிமையாளர் ஏற்கனவே இறந்து, ரைஃபிள் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்றால் அந்தக் குடும்பம் முதலில் அதைக் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் விலை பேசுவதும் வேண்டாம்.

கைக்கு வந்ததும் தாமதிக்காமல் ரைஃபிளையும் லைசென்ஸையும் பில்லையும் கமிஷனர் ஆபீஸில் காட்டிப் பதிவை முடியுங்கள். பெரியவரின் லைசென்ஸில் நம்பர் நீக்கப்பட்ட பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அங்கே நீக்காமல் விட்டால் ஒரே நம்பர் இரண்டு யூ.ஐ.என்-இல் நிற்கும். 5 ஆண்டு கழித்துப் புதுப்பிக்கப் போகும்போது அது தெரியவந்தால் மறுபடியும் கோவைக்கு அலைய வேண்டியவர் நீங்கள்தான்.