பதில்: வார்டுல தண்ணி கேட்டா கொடுக்கலாமா?

லீவு நாள்ல ஜிஎச்ல உதவிக்குப் போறேன், ஆபரேஷனுக்கு காத்திருக்கறவங்க தண்ணி கேட்டு கெஞ்சுறாங்க, சிலபேர் ஸ்கேன் ரிப்போர்ட்ட நீட்டி என்னன்னு கேக்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க தங்கச்சி. தண்ணி விஷயத்துல மட்டும் இரக்கமே பாக்காதீங்க. மயக்க மருந்து கொடுக்கும்போது வயித்துல கிடக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து, அதான் வெறும் வயித்தோட வச்சிருக்காங்க, யாரோ பாவம்னு ஒரு வாய் டீ கொடுத்துட்டா அன்னிக்கு ஆபரேஷனே தள்ளிப்போயிடலாம், திரும்பவும் அதே பட்டினிதான். உதட்ட ஈரப் பஞ்சால துடைக்கலாமான்னு சிஸ்டர்கிட்ட கேளுங்க, அவங்க சரின்னா செய்யுங்க.

ரிப்போர்ட்ட நீங்க படிச்சு சொல்லவே வேணாம், கூகுள் பண்ணியும் சொல்லாதீங்க. "ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு எழுதி வச்சிக்கலாம் வாங்க"ன்னு ஒரு பேப்பர எடுங்க, அது பெரிய உதவி.

உண்மைல அங்க ஜனங்க திணர்றது பேப்பர் வேலைலதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாம வந்திருப்பாங்க. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா எடுக்கலாம், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கவர் ஆகும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று இதெல்லாம் எடுத்துட்டு வர சொல்லி காப்பீட்டு கவுன்ட்டர் வரைக்கும் கூடவே போங்க. வெளியூர்க்காரங்களுக்கு அந்த கவுன்ட்டர் எந்த பில்டிங்னே தெரியாது.

அப்புறம், வார்டுக்குள்ள செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்றாதீங்க. உங்க கூட வர்ற பசங்ககிட்டயும் சொல்லிடுங்க.