தூந்திராவின் பூஞ்சைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மரமற்ற குளிர்நிலமான தூந்திராவில், ஆண்டுக்கணக்காக உறைந்தே கிடக்கும் உறைமண் உருகுவது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். காற்றுமண்டலத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கார்பன் வடக்கின் உறைமண்ணில் கிடக்கிறது, அதை மட்கவைத்து வெளியேற்றுவதில் பூஞ்சைகளுக்கும் பங்குண்டு என்கிறீர்கள். அப்படியென்றால் அவை அந்த நிலத்துக்குக் கேடுதானே? ஆண்டின் பெரும்பகுதி உறைந்துகிடக்கும் இடத்தில் அவற்றால் என்ன பயன்?

க.

அன்புள்ள க.,

பூஞ்சைகளை விலக்கிவிட்டால் தூந்திராவின் குறுஞ்செடிகளில் பெரும்பாலானவை பிழைக்காது. அந்த மண்ணில் நைட்ரஜன் நிறையவே உண்டு. ஆனால் குளிரில் மட்குதல் மிக மெதுவாக நடப்பதால், அது பழைய இலையிலும் வேரிலும் பாசியிலும் சிக்கிக் கிடக்கிறது. குள்ள பிர்ச், குறு வில்லோ, புளூபெர்ரி இனச் செடிகள் எல்லாம் வேர்ப்பூஞ்சைகளோடு சேர்ந்தே வாழ்கின்றன. வேர் நுழைய முடியாத இடுக்குகளில் பூஞ்சையின் மெல்லிய இழை நுழைகிறது, நொதிகளைச் சுரந்து நைட்ரஜனைப் பிரித்தெடுத்துச் செடிக்குத் தருகிறது, செடியிடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது.

அலாஸ்காவின் டூலிக் ஏரிப் பகுதியில் நைட்ரஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட நைட்ரஜன் அணுக்களை) கொண்டு இந்தக் கொடுக்கல் வாங்கலை அளந்து 2006ல் வெளியிட்டார்கள். செடிகளின் நைட்ரஜனில் 61 முதல் 86 சதவீதம் வரை பூஞ்சை வழியாக வந்தது. அதற்காக அவை ஒளிச்சேர்க்கையில் ஈட்டிய கார்பனில் 8 முதல் 17 சதவீதத்தைக் கொடுத்திருந்தன. இந்த எண்களைப் பார்த்தபின் அங்குள்ள ஒரு செடியைத் தனி உயிராக என்னால் நினைக்க முடிவதில்லை. (கோரை இனங்கள் பெரும்பாலும் வேர்ப்பூஞ்சை இல்லாமலே வாழ்பவை. அவற்றில் ஒன்றான பருத்திப்புல், நைட்ரஜன் அடங்கிய அமினோ அமிலங்களை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும்.)

உறைந்த மாதங்களும் வீணாகக் கழிவதில்லை. கொலராடோவின் உயர்மலைத் தூந்திராவில் மண் நுண்ணுயிர்களின் மொத்த நிறை உச்சத்தைத் தொடுவது பனிக்கு அடியில்தான் என்று 2003ல் கண்டறிந்தார்கள். அதில் பெரும்பகுதி பூஞ்சை. மேலே கிடக்கும் பனி கடுங்குளிரைத் தடுப்பதால் அடியில் வேலை நடக்கிறது.

இனி உங்கள் முதல் கேள்வி. எல்லாப் பூஞ்சையும் கார்பனை ஒரேபோல நடத்துவதில்லை. புளூபெர்ரி போன்ற ஹீத் வகைக் குறுஞ்செடிகளின் வேரில் வாழும் பூஞ்சைகள் பலவற்றின் இழைகளில் மெலனின் என்ற கருநிறமி உண்டு. அந்த இழைகள் இறந்தபின்னும் எளிதில் மட்குவதில்லை, ஆகவே கார்பன் மண்ணிலேயே தங்குகிறது. பிர்ச் வேரோடு கூடும் கார்ட்டினேரியஸ் பூஞ்சைகளில் சில வேறு மாதிரி. மரக்கட்டையை மட்கவைக்கும் பூஞ்சைகளிடம் உள்ள வகைப் பெராக்சிடேஸ் நொதி இவற்றிடமும் இருக்கிறது. நைட்ரஜனுக்காகப் பழைய மட்கைக் கிளறும்போது கார்பனும் வெளியேறுகிறது. செடிக்கு உணவு தரும் அதே செயல்தான் நீங்கள் அஞ்சும் இழப்புக்கும் ஒரு வழி.

வெப்பம் கூடும்போது புதர்களும் மரங்களும் தூந்திராவுக்குள் முன்னேறுகின்றன. கூடுதல் பசுமை கூடுதல் கார்பனைப் பிடித்துவைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்வீடனின் அபிஸ்கோவில் பிர்ச் காட்டையும் பக்கத்திலுள்ள ஹீத் நிலத்தையும் ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு நேர்மாறாகச் சொன்னது. மரங்களில் உள்ள கார்பனைச் சேர்த்தும் காட்டில்தான் மொத்தக் கார்பன் குறைவு. ஆகவே பூஞ்சைகளைக் கேடு என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல நான் உடன்படமாட்டேன். எந்தச் செடி பரவுகிறது, அதன் வேரோடு எந்தப் பூஞ்சை வருகிறது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.