ஸ்பார்க் பிளக் வரவில்லையா? ஸ்பானரில் பைப் சொருகாதீர்கள்

கானாடுகாத்தானில் பூர்வீக வீடு உள்ள, சென்னையில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருப்பது:

"அப்பா 1996-ல் வாங்கிய மாருதி 800 ஊர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவார். இப்போது மிஸ் அடிக்கிறது, பிக்கப்பும் இல்லை. மூன்று ஸ்பார்க் பிளக்கில் இரண்டு வந்துவிட்டன. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பக்கத்துப் பிளக் அசையவே மாட்டேன் என்கிறது. அதன் ஒயரைப் பிடித்து இழுத்ததில் ஒயர் மட்டும் கையோடு வந்து, ரப்பர் மூடி பிளக்கிலேயே நின்றுவிட்டது. ஸ்பானரில் நீள பைப் சொருகித் திருப்பினால் வந்துவிடும் என்கிறார் மெக்கானிக் தம்பி. செய்யலாமா? முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கு வருகிறோம், மூன்று நாள் இருப்போம்."

பைப் வேண்டாம். மூன்று நாள் இருக்கிறதே, அதுவே இந்த வேலைக்குத் தேவையான முக்கியமான சாமான்.

மாருதி 800-ன் ஹெட் (பிளக் திருகி நிற்கும் இன்ஜினின் மேல்பகுதி) அலுமினியம். பிளக்கின் உடம்பு இரும்பு. இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தோடு வருடக்கணக்கில் இருந்தால் மரைக்குள், அதாவது திருகு வரிகளுக்குள், அரிப்பு ஏற்பட்டு, வெள்ளைப் பொடியாகப் பூத்து இறுகிவிடும். (இந்த அரிமானத்தைப் பற்றி ஆராய்வதற்கென்றே உங்கள் ஊருக்குப் பக்கத்தில், காரைக்குடி செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), 1953-லிருந்து ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்!) பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு வார்ப்பிரும்பு ஹெட். அதில் பைப் போட்டுத் திருப்பினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்துப் பட்டறைப் பழக்கம்தான் இன்னும் தொடர்கிறது. அலுமினிய ஹெட்டில் அதே பலத்தைக் காட்டினால் பிளக்கோடு சேர்ந்து ஹெட்டின் மரையும் உரிந்து வந்துவிடும். இல்லையென்றால் பிளக் நடுவில் முறியும். பிளக் விலையோடு முடிய வேண்டியது ஹெட்டைக் கழற்றும் செலவாகிவிடும்.

அந்த வாராந்திர ஐந்து நிமிடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் வண்டிக்கு அது கெடுதல். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தால் அது ஆவியாகி வெளியே போகும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கிவிடும். பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும் கார்புரேட்டர் வண்டியில் கரியும் கூடுதலாகப் படியும். பிளக்கின் நுனி மரை எரிப்பறைக்குள் சற்று வெளியே தெரிந்தால், அங்கே கரி கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது அந்தக் கரியோடுதான் பிளக் மேலே ஏறி வர வேண்டும். அது நல்ல மரையை அறுத்துக்கொண்டே வரும்.

அதனால் பிளக் முதலில் அசைந்துகொடுத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மரை போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் சாயங்காலம், இன்ஜின் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். பிளக் மேல் நிற்கும் ரப்பர் மூடியைப் புது ஒயர் போடப்போகிற தைரியத்தில் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடலாம். உள்ளே இருக்கும் பீங்கானில் மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பிறகு பிளக்கைச் சுற்றியிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுங்கள். கம்ப்ரஸர் இல்லாவிட்டால் சைக்கிள் பம்பு போதும். நம் பக்கத்துச் செம்மண் தூசி எங்கே வேண்டுமானாலும் போய் உட்கார்ந்திருக்கும். பிளக் வெளியே வந்ததும் அது நேரே சிலிண்டருக்குள் விழும். காற்று அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கழற்றிய மற்ற இரண்டு துளைகளிலும் காற்றடிக்கும் முன்பே பழைய பிளக்கைக் கையால் திருகி வைத்துவிட வேண்டும்.

இப்போது பிளக்கின் அடிவாரத்தில் துரு இளக்கும் ஸ்ப்ரே. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரேயே போதும். கொஞ்சமாக அடித்து, ஸ்பானரின் பிடியில் சின்னச் சுத்தியலால் லேசாக நாலு தட்டு. பீங்கான்மேல் தட்டக் கூடாது. படுக்கப் போகும் முன் இன்னொரு முறை அடித்துவிட்டுப் போங்கள்.

மறுநாள் காலையில் வழிந்த ஸ்ப்ரேயைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு (தீப்பிடிக்கும் சமாச்சாரம்), கையால் வைத்த இரண்டு பிளக்கையும் டைட் செய்து, எல்லாவற்றுக்கும் புது ஒயரை மாட்டி இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிடுங்கள். மிஸ் அடித்தாலும் பரவாயில்லை. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். துளை ஒரு மயிரிழை இளகிக் கொடுக்கும். ஹெட்டில் கை வைத்தால் பொறுக்கிற சூடு, அவ்வளவுதான் தேவை. கொதிக்கிற இன்ஜினில் கழற்றக் கூடாது. அப்போது அலுமினிய மரை சீக்கிரம் இழுபட்டுப்போகும்.

ஸ்பானர் 21 எம்எம் பிளக் ஸ்பானர். பிளக்கின் மேல் நேராக, அடி வரை உட்கார வேண்டும். சாய்ந்து திருப்பினால் பீங்கான் முறியும். ஒரு கையால் ஸ்பானரின் தலையை அழுத்திப் பிடித்து, மறு கையால் நிதானமாகத் திருப்புங்கள். கொடுத்ததா? உடனே கழற்றாதீர்கள். கால் சுற்று வெளியே, அதில் பாதி திரும்ப உள்ளே. மறுபடி ஸ்ப்ரே. மறுபடி கால் சுற்று. 'கிறீச்' என்று சத்தம் வந்தாலோ, வர வர இறுகினாலோ, உடனே உள்ளே திருப்பி, ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் போய் டீ குடித்துவிட்டு வரலாம். இப்படி ஒரு பிளக்குக்கு ஒரு காலைப்பொழுதே ஆனாலும் நஷ்டமில்லை.

ஓர் ஆளின் சாதாரண கைபலத்துக்கு அசையவில்லையா? இன்னொரு ராத்திரி ஊறட்டும். மூன்றாம் நாளும் வரவில்லையென்றால், ஹெட் வேலை பார்க்கும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். மரை போனால்கூடத் துளையைச் சற்றுப் பெரிதாக்கி எஃகுச் சுருள் (coil) இறக்கிப் புது மரை போட்டுத் தருவார்கள். நன்றாகச் செய்தால் பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். ஆனால் ஹெட்டைக் கழற்றாமல் செய்கிறேன் என்பவரிடம், அலுமினியத் துகள் உள்ளே விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

வந்த பிளக்கைத் தூக்கிப் போடும் முன் வெளிச்சத்தில் பாருங்கள். நுனி பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் ஐந்து நிமிட ஓட்டத்தின் பலன். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் கோளாறு பிளக்கில் இல்லை, இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்கிலோ வால்வ் சீலிலோ இருக்கிறது. மேலே வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறதா? மின்சாரம் நுனிக்குப் போகாமல் பீங்கான்மேல் ஓடி வழிந்த தடம் அது. ஒயர் மூடியின் உட்புறத்திலும் அதே கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய மூடி புதுப் பிளக்கையும் அதே போலக் கெடுக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறேன்.

ஒயரை எப்போதும் மூடியைப் பிடித்து இடமும் வலமும் திருகித்தான் எடுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் கார்பன் இழை முனையிலிருந்து விட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, அதே நீளத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கலைந்துவிட்டால் இந்த வண்டியின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-2. டைமிங் பெல்ட் பக்கத்துச் சிலிண்டர் 1. பெரிய வீட்டு ஷெட் என்றால் எலிக்குக் கேட்கவா வேண்டும்! கடித்த தடம் இருக்கிறதா என்று ஒயரை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். ஒயர் கசிகிறதா என்று அறிய, இருட்டியதும் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். நீலப் பொறி தெறிக்கும் இடம்தான் குற்றவாளி. கையை வைத்துப் பார்க்காதீர்கள், அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பையும் உள்ளே சுற்றும் ரோட்டாரையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

புது பிளக்கின் மரை நீளம் பழையதைப் போலவே 19 மி.மீ. இருக்க வேண்டும். பொறி தாவும் நுனி இடைவெளி இந்த வண்டிக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் டியூப் சொருகி, அதைப் பிடித்துத் திருகி இறக்குங்கள். மரை மாறி ஏறினால் டியூப் வழுக்கிவிடும், ஸ்பானர் வழுக்காது. கையால் முழுதும் இறங்கி வாஷர் தொட்டபின், ஸ்பானரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மரையில் காப்பர் கிரீஸ் தடவலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். இப்போது வரும் பிளக்குகளின் மரைக்கு முலாம் உண்டு, தேவையில்லை. தடவினால் வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகும். சிலிக்கான் கிரீஸை ஒயர் மூடிக்குள் சொட்டு வையுங்கள், அடுத்த முறை ஒட்டாமல் வரும்.

இவ்வளவு செய்தும் மிஸ் அடித்தால் டேங்கில் உள்ள பெட்ரோலைச் சந்தேகியுங்கள். மாதக்கணக்கில் நின்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அண்ணனுக்கு லைசென்ஸ் இருந்தால் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வதை விட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காரைக்குடி வரை ஓட்டிப் போய்வரச் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லையென்றால் நீங்கள் கிளம்பும் நாளில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்து வரும்வரை சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.